காரணத்தோடு வரும் தீர்ப்பு: அமெரிக்கப் படையினரின் மேன்முறையீடுகளை கிளிநொச்சியில் இருந்து வாசித்துப் பார்த்தது

அமெரிக்காவில் முன்னாள் படையினருக்கென்று ஒரு மேன்முறையீட்டுச் சபை (Board of Veterans' Appeals) இருக்கிறது. படையில் இருந்தபோது வந்த காயத்துக்கோ வருத்தத்துக்கோ கொடுப்பனவு கேட்டு, இல்லையென்று பதில் வந்தால் அங்கே போகலாம். அந்தச் சபை 1992 இலிருந்து தன் தீர்ப்புகளை ஆளின் பெயரை மட்டும் எடுத்துவிட்டு இணையத்தில் போட்டு வைத்திருக்கிறது. காசு இல்லை, கணக்குத் திறக்கத் தேவையில்லை, யாரும் வாசிக்கலாம். கிளிநொச்சியில் ஒரு கொமினிகேசன் கடையில் இருந்து சனத்துக்கு விண்ணப்பமும் மேன்முறையீடும் அடித்துக் கொடுக்கிற எனக்கு அதில் என்ன வேலை என்றால், தொழில் படிக்கத்தான். தீர்ப்புச் சொல்கிறவர் எதைப் பார்க்கிறார் என்று தெரியாமல் நல்ல மேன்முறையீடு எழுத ஏலாது, அதை எங்கட பக்கத்தில் யாரும் சொல்லித் தருவதில்லை.

முதல் நல்ல விஷயம், இப்போதைய தீர்ப்புகளில் முடிவு மேலேயே இருக்கிறது: கிடைத்தது, கிடைக்கவில்லை, அல்லது திரும்ப விசாரிக்க அனுப்பப்படுகிறது. அதற்குக் கீழே உண்மை என்று கண்டவை, பிறகு சட்டம், பிறகு பக்கம் பக்கமாகக் காரணங்கள். எந்த டொக்டரின் கடிதத்தை ஏற்றார்கள், எதை ஏற்கவில்லை, ஏன் ஏற்கவில்லை என்று எல்லாம் எழுதியிருக்கும். தோற்றவருக்கும் தான் எந்த இடத்தில் தோற்றேன் என்று தெரியும். அடிப்படையில் பார்ப்பதும் மூன்றே விஷயம்தான்: இப்போது வருத்தம் இருக்கிறதா, சேவைக்காலத்தில் ஏதாவது நடந்ததா, இரண்டுக்கும் தொடர்பு உண்டா. இரண்டு பக்க ஆதாரமும் கிட்டத்தட்டச் சமமாக நின்றால் சந்தேகத்தின் பலன் கேட்டவருக்கே போக வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது.

காதுக்குள் இரைகிற வருத்தத்தைப் பற்றிய தீர்ப்புகளை வாசித்துப் பாருங்கள், நிறையக் கிடக்கின்றன. அந்த இரைச்சல் வேறு யாருக்கும் கேட்காது, அதனால் இரைகிறது என்று அந்த ஆள் சொல்வதையே சாட்சியமாக எடுக்கலாம் என்பது அங்கே நீதிமன்றம் ஏற்ற விஷயம். ஏற்றாலும் அந்த வருத்தத்துக்குக் கொடுப்பது ஆகக்கூடியது 10 வீத இயலாமை மதிப்பீடுதான், அது வேறு கதை. பங்கருக்குள் இருந்து செல் சத்தம் கேட்டுக் காது போன ஆட்கள் எங்கட ஊரில் எத்தனை பேர்! அவர்கள் வாயால் சொன்னதை ஒரு படிவத்தில் எழுத இடம் தேடித் தேடிக் களைத்துப் போனேன்.

என்னை நிறைய நேரம் பிடித்து வைத்தது தொலைந்த ஆவணங்களைப் பற்றிய தீர்ப்புகள். 1973 ஜூலையில் சென் லூயிஸில் படையினரின் கோவைகள் இருந்த கட்டடம் எரிந்து, 160 தொடக்கம் 180 இலட்சம் கோவைகள் அழிந்து போயின. கோவை அரசின் கையில் இருந்தபோது அழிந்ததால், அப்படியான வழக்கில் சபை இன்னும் கவனமாகக் காரணம் சொல்ல வேண்டும், சந்தேகத்தின் பலனை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். அதற்காக ஆதாரமே வேண்டாம் என்று விட்டுவிடுவதில்லை. கூட இருந்தவரின் கடிதம், அந்த நாளில் வீட்டுக்கு எழுதிய கடிதம், மனைவி சொன்னது என்று எல்லாவற்றையும் எடுத்து நிறுக்கிறார்கள். 2009 இல் யுத்தத்துக்குள் இருந்து மெனிக் பாம் முகாமுக்கு வந்து சேர்ந்த சனத்திடம் என்ன இருந்தது? புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி இடம்பெயர்ந்து புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று போனபோது அங்கே மருந்து கட்டினவர்களின் வைத்தியத் துண்டுகள் எங்கே? காயம் உடம்பில் இருக்க, காயப்பட்டதற்குச் சான்று கொண்டுவா என்று கேட்டால் அந்த ஆள் எங்கே போவார்?

சரி, குறைகள். தேடும் வசதி மோசம். செல் துண்டு என்று ஆங்கிலத்தில் போட்டால் வண்டிலாக வந்து கொட்டும், வென்றது எது தோற்றது எது என்று பிரித்துப் பார்க்க வழி எனக்குத் தட்டுப்படவில்லை. ஆங்கிலமும் வக்கீல் ஆங்கிலம், கூகுளில் தமிழாக்கினால் இன்னும் கஷ்டம். ஒரு தீர்ப்பு அடுத்த ஆளைக் கட்டுப்படுத்தாது, அதனால் ஒரே மாதிரிக் கதைக்கு இரண்டு நீதிபதிகள் இரண்டு முடிவு சொல்லியிருப்பதையும் காணலாம். 2019 பெப்ரவரியில் மூன்று வழி கொண்ட புதிய முறை வந்தும், ஆண்டுக்கணக்கில் காத்திருந்து கடைசியில் மறுபடி டொக்டரிடம் காட்டு என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

அதோடு இவ்வளவு கவனமும் தங்கட படைக்கு மட்டும். அந்தப் படை போய் இறங்கின நாட்டில் கால் போன சனத்துக்கு இந்தச் சபையில் கதவு இல்லை. இங்கேயும் அதே கதைதான், அரச படையினருக்கு ரணவிரு சேவா அதிகாரசபை இருக்கிறது. வன்னியில் காயப்பட்ட சனத்துக்கு 2018 ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த இழப்பீட்டுக்கான அலுவலகமும், அஸ்வெசும என்ற அரச நலத்திட்டத்தின் மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவும்தான்.

என்றாலும் ஐந்துக்கு நாலு கொடுப்பேன், காரணம் எழுதுகிற அந்த ஒரு பழக்கத்துக்காக. நான் அடித்துக் கொடுத்த ஒரு மேன்முறையீட்டுக்கு ஓர் அலுவலகத்திலிருந்து (பெயர் வேண்டாம்) வந்த பதில் ஒரே வரி: பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது. எதைப் பரிசீலித்தார்கள், என்ன குறைந்தது, ஒன்றும் இல்லை. அதை வைத்துக்கொண்டு அடுத்த கடிதத்தில் நான் என்னத்தை எழுதுவது?

அப்படி ஒற்றை வரியோடு வருகிறவர்களுக்கு இப்போது நான் வேறொரு கடிதம் அடித்துக் கொடுக்கிறேன். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டத்தின் 35 ஆம் பிரிவுப்படி, உங்களைப் பாதிக்கிற முடிவுக்குக் காரணம் என்ன என்று எழுத்தில் கேட்டால் அரச அலுவலர் காரணம் சொல்ல வேண்டும். நிராகரித்த கடிதத்தின் திகதியையும் இலக்கத்தையும் போட்டு, சுருக்கமாக எழுதுங்கள். நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதென்றால் பிரதியில் சீல் அடித்து வாங்காமல் வராதீர்கள்.