அப்பள யூனிட்டுக்கு ஆள் எடுத்த மேன்பவர் ஏஜென்சி - எங்க அனுபவம்

அவனியாபுரம் பக்கம் எங்களுக்கு அப்பள யூனிட் இருக்கு, கூடவே மசாலாப் பொடியும் போடுறோம். ஆவணி, ஐப்பசி, தைன்னு முகூர்த்த மாசம் வந்துருச்சுன்னா இருக்க ஆளு பத்தவே பத்தாது, காயவைக்க, எண்ணி அடுக்க, பாக்கெட் போட எல்லாத்துக்கும் வெளிய இருந்துதான் ஆள் எடுக்கணும். இந்தத் தடவை காரியாபட்டி ரோட்டுல இருக்க ஒரு சின்ன ஏஜென்சிகிட்ட எடுத்தோம். விளம்பரமெல்லாம் வேணாம்ணேன்னு அவங்களே சொல்லிட்டாங்க, அதனால பேரு போடல.

வேலைக்கு வந்த அக்காங்க எல்லாருமே நல்ல கை. ஈரம் போகாத அப்பளத்தைத் தொட்டுப் பாத்தே தனியா எடுத்து வச்சிர்றாங்க, அதைச் சொல்லித்தர வேண்டியதே இல்ல. ஆனா நான் இந்த ரிவ்யூ எழுதுறது அதுக்காக இல்லங்க, அவங்க பில்லுக்காகத்தான்.

இதுக்கு முன்னாடி வேற ஒரு ஏஜென்சிகிட்ட எடுத்துக்கிட்டு இருந்தோம். அவங்க பில்லுல "அப்பளம் ஜாப் ஒர்க், ஜி.எஸ்.டி 5%"னு வரும். உத்யம் சர்டிபிகேட் (சிறு தொழிலுக்கு அரசாங்கம் குடுக்குற பதிவுச் சான்று) கேட்டா அதுல என்.ஐ.சி. கோடு, அதாவது என்ன தொழில்னு காட்டுற அரசாங்க நம்பர், 10796னு இருக்கு. அது அப்பளம் தயாரிக்கிறவங்களுக்கான கோடு, அதாவது எங்க கோடு! அவங்ககிட்ட ஒரு அப்பளக் கட்டை கூட கெடையாது, ஒரு ஆபீஸு, ரெண்டு வேன், அவ்வளவுதான். எங்க ஆடிட்டர் பாத்த உடனே இந்த பில்லை எடுக்க முடியாதுன்னு திருப்பிட்டாரு. மாவைக் குடுத்து இத்தனை கிலோ அப்பளமா குடுன்னு வேலையையே ஒப்படைச்சா அது ஜாப் ஒர்க், தலைக்கு இவ்வளவு கூலின்னு ஆளை அனுப்பிட்டு வேலை வாங்குறது நாமன்னா அது ஆள் சப்ளை, அதுக்கு 18%னு விளக்குனாரு.

என்.ஐ.சி. 2008 புத்தகத்துலயும் இதுக்குத் தெளிவா பிரிச்சு வச்சிருக்காங்க. 78ங்கிற பிரிவு முழுக்க வேலைக்கு ஆள் சம்பந்தப்பட்டதுதான். ஆளைத் தேடிக் குடுத்துட்டு ஒதுங்கிக்கிற கன்சல்டன்சின்னா 78100. தன்னோட சம்பளப் பட்டியல்ல ஆள் வச்சு, கொஞ்ச நாளைக்கு அடுத்தவங்க கம்பெனிக்கு அனுப்பினா 78200. அதையே வருசக்கணக்கா, சம்பளம் பி.எப். எல்லாம் பாத்துக்கிட்டு செஞ்சா 78300. இதுல 78200க்கு முக்கியமான அடையாளம் என்னன்னா, அனுப்புன எடத்துல ஏஜென்சிக்காரங்க நின்னு வேலையை மேற்பார்வை பாக்க மாட்டாங்க. அவங்க சூப்பர்வைசரே வந்து நின்னு கட்டடத்தைக் கூட்டிப் பெருக்கித் தர்றாங்கன்னா அது கிளீனிங் தொழில், 81ல போயிரும், வாட்ச்மேன் செக்யூரிட்டின்னா 80. எங்க யூனிட்ல எந்தத் தட்டு வெயிலுக்குப் போகணும், எது உள்ள வரணும்னு சொல்றது எங்க மாஸ்டர், அப்ப இது 78200 தவிர வேற எதுவும் கெடையாது.

புது ஏஜென்சி சர்டிபிகேட்டை வாங்கிப் பாத்தேன், 78, 7820, 78200னு மூணு கட்டத்துலயும் சரியா இருந்துச்சு, பக்கத்துல சர்வீசஸ்னு இருக்கு. பில்லுல 998514, அது ஜி.எஸ்.டி.ல தற்காலிக ஆள் சப்ளைக்கான கோடு. கூலி தனி வரி, பி.எப். தனி வரி, இ.எஸ்.ஐ. 3.25% தனி வரி, அவங்க சர்வீஸ் சார்ஜ் தனி, அப்புறம் மொத்தத்துக்கும் 18%. பில்லு கூடவே போன மாசத்து பி.எப். சலானும் ஆளுங்க பட்டியலும் பின் பண்ணி வருது, அந்தப் பட்டியல்ல ஒவ்வொரு அக்கா பேரும் யூ.ஏ.என்.ங்கிற அவங்க பி.எப். நம்பரும் இருக்கு, நான் எங்க வருகைப் பதிவேட்டை வச்சு ஒவ்வொண்ணா டிக் அடிச்சுப் பாத்தேன், ஒரு பேரு விட்டுப் போகல. இது எனக்கு ஏன் பெருசுன்னா, ஏஜென்சிக்காரன் கூலியக் குடுக்காம விட்டா குடுக்க வேண்டியது வேலை வாங்குன நாமதான், 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்துல இருந்தே அப்படித்தான். பழைய ஏஜென்சில இருந்து வந்த ஒரு அக்காவுக்கு கையில சீலிங் மிசின் சுட்டு ஆஸ்பத்திரிக்குப் போனப்ப இ.எஸ்.ஐ. நம்பரே இல்லன்னு தெரிஞ்சுச்சு. ஜாப் ஒர்க்னு பில்லு போட்டா ஆளுங்க பேரே எங்கயும் வராதுல்ல, அப்புறம் யாருக்கு நம்பர் எடுப்பாங்க. அன்னைக்கு வந்த கோவம் இன்னும் போகல எனக்கு.

செலவு அதிகம்தான், அதை மறைக்க விரும்பல. அப்பளத்துக்கு ஜி.எஸ்.டி. கெடையாது, அதனால அப்பள வேலைக்குக் கட்டுற இந்த 18% திரும்ப வராது, இன்புட்டா, அதாவது நாம கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.ல கழிச்சு, எடுக்க முடியாது, நேரா அடக்க விலையிலதான் ஏறும். மசாலாப் பக்கத்துல நிக்கிற ஆளுக்கு மட்டும் எடுத்துக்கலாம். அதனால யார் எந்தப் பக்கம் வேலை பாத்தாங்கன்னு தினமும் தனியா எழுதச் சொல்லிட்டேன், ஏஜென்சியும் ரெண்டு பில்லா பிரிச்சுத் தர்றாங்க, இதுக்கு மொகம் சுளிக்கல. "அண்ணே நீங்க கேக்குற மாதிரியே போட்டுத் தர்றோம், ஆனா கோடை மட்டும் மாத்தச் சொல்லாதீங்க"ன்னாரு ஓனர் தம்பி. அந்த ஒரு வார்த்தைக்கே நான் அவங்ககூட இருப்பேன்.

குறைன்னா வேன். எட்டு மணிக்கு வர வேண்டியது எட்டே முக்கால் ஆயிருது, அப்பளத்துக்குக் காலை வெயிலுதான் முக்கியம், அதுல முக்கா மணி நேரம் போனா அன்னைக்கு ஒரு ஈடு கம்மியாயிரும். இன்னொண்ணு, திங்கக்கிழமையானா பாதி பேரு புது ஆளா வர்றாங்க, பழகுன ஆளையே அனுப்புங்கன்னு சொல்லியிருக்கேன், ஐப்பசில இருந்து அப்படியே அனுப்புறோம்னு எழுதிக் குடுத்துருக்காங்க.

அஞ்சுக்கு நாலு. தை முகூர்த்தத்துக்கும் இவங்ககிட்டதான் சொல்லி வச்சிருக்கேன், வேனை மட்டும் ஏழரைக்கே கெளப்பச் சொல்லி.