24 மணி நேர ஹோல்டர் பரிசோதனை: புதுச்சேரி மையம் ஒன்றில் கிடைத்த சேவை

இதயத் துடிப்பு இடையிடையே தவறுவதாக உணர்பவர்களுக்கு மருத்துவர்கள் எழுதித் தரும், சிறு கருவியை உடம்பில் கட்டி ஒரு முழு நாளின் துடிப்பைப் பதிவு செய்யும் 24 மணி நேர ஹோல்டர் பரிசோதனையை, புதுச்சேரி நகருக்குள் இருக்கும் ஒரு சிறிய தனியார் இதயப் பரிசோதனை மையத்தில் அண்மையில் செய்துகொண்டேன். மையத்தின் பெயரை எழுதவில்லை. அங்கே வேலை நடந்த முறையைச் சொன்னால், கடலூரிலோ விழுப்புரத்திலோ வேறொரு மையத்தைத் தேடுபவருக்கும் அது பயன்படும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கட்டிய 2,500 ரூபாய்க்கு உண்மையான ஈடாகக் கிடைத்தது, மறுநாள் அறிக்கையை மேசைமீது விரித்துவைத்துக்கொண்டு மருத்துவர் நிதானமாகப் பேசிய நேரம்தான். அந்தப் பேச்சு இல்லாமல் அறிக்கையை மட்டும் உறையில் போட்டுக் கொடுத்தனுப்பும் இடத்தில், அச்சத்தோடு வாழ்பவர் இந்தப் பரிசோதனையைச் செய்துகொண்டால் அச்சம் இன்னும் கூடிவிடும் என்றே நினைக்கிறேன்.

இத்தொல்லை இல்லாதவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்பதைச் சொல்வது கடினம். அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது நெஞ்சுக்குள் மீன் ஒன்று துள்ளிப் புரண்டது போல இருக்கும். ஒரு கணம் எதுவுமே இல்லாதது போலத் தோன்றும். அதன்பின் பலமாக ஓர் அடி விழும். அந்த ஒரு கணத்தில்தான் பயம் முழுவதும் பிறக்கிறது. இதயம் நின்றுவிட்டதோ என்று நினைக்கிறோம். நடப்பது வேறு. துடிப்பைத் தொடங்கிவைக்கும் இயல்பான மையத்தை முந்திக்கொண்டு, இதயத்தின் வேறோர் இடத்திலிருந்து ஒரு துடிப்பு சற்று முன்னதாகவே வந்துவிடுகிறது. கீழறையிலிருந்து வந்தால் அதை பிவிசி என்றும், மேலறையிலிருந்து வந்தால் பிஏசி என்றும், பொதுவாக எக்டோபிக் என்றும் மருத்துவர்கள் சொல்வார்கள். அறை நிரம்பும் முன்பே அது வருவதால் தள்ளப்படும் இரத்தம் குறைவு. மணிக்கட்டில் அது பெரும்பாலும் தெரிவதில்லை. அதற்குப் பின் ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில் அறை வழக்கத்தைவிட அதிகமாக நிரம்புவதால், அடுத்த துடிப்பு ஓங்கி விழுகிறது. கொரோனா காலத்தில் வாங்கிய விரல் ஆக்ஸிமீட்டரை இன்னும் தலைமாட்டில் வைத்திருப்பவர்கள் இதை அறிய வேண்டும்: ஒன்றுவிட்டு ஒன்று எக்டோபிக் வரும் நேரத்தில் அக்கருவி நாடித்துடிப்பைப் பாதியாகக் காட்டலாம், அந்த எண்ணைப் பார்த்து நடுங்கியவர்கள் ஏராளம்.

சாதாரண ஈசிஜி பதிவு செய்வது பொதுவாகப் பத்து விநாடிகளை மட்டுமே. நம் இதயமோ ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. மருத்துவர் முன்னால் படுத்திருக்கும் பத்து விநாடிக்குள் தவறிய துடிப்பு வந்து நின்று அகப்படும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவேதான் ஒரு முழு நாளைப் பதிவு செய்யும் முறை தேவைப்பட்டது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தைச் சேர்ந்த நார்மன் ஹோல்டர் என்ற இயற்பியலாளர் முதலில் உருவாக்கிய கருவி ஏறத்தாழ 38 கிலோ எடை கொண்டது. அதை முதுகில் சுமந்துகொண்டுதான் நடக்க வேண்டியிருந்தது. அவருடைய முறையை விளக்கும் கட்டுரை 1961-இல் வெளிவந்தது. இன்று எனக்குக் கட்டிய கருவி சட்டைப் பைக்குள் அடங்கிவிட்டது.

கருவியைப் பொருத்திய இளைஞர் தம் வேலையைப் பொறுமையாகச் செய்தார். மார்பு முடியைத் தேவையான இடங்களில் மட்டும் மழித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, தோல் நன்றாக உலர்ந்த பிறகே ஒவ்வோர் ஒட்டியையும் பதித்தார். ஒயர்கள் இழுபடாதபடி நடுவில் சிறு வளையம் விட்டு பிளாஸ்டர் ஒட்டினார். இந்த வளையத்தின் அருமை எனக்கு இரவில்தான் புரிந்தது. நம் ஊர்க் கோடையில், கடற்காற்று வராத பகலில், சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும் புழுக்கத்தில், ஒட்டிகள் கழன்றுவிடாமல் இருப்பதே இந்தப் பரிசோதனையின் பாதி வெற்றி. ஒட்டி கழன்றால் பதிவில் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். சில மணி நேரத் தகவல் வீணாகிவிடும். இரவில் மின்சாரம் போய் மின்விசிறி நின்ற நேரத்தில் இடப்பக்க ஒட்டி ஒன்றின் ஓரம் எழும்பியது. "இது எழும்பினா பிடுங்கிடாதீங்க சார், மேலயே இன்னொன்ன ஒட்டிக்கோங்க" என்று சொல்லி அவர் கொடுத்தனுப்பிய கூடுதல் பிளாஸ்டர் அப்போது உதவியது. குளிக்கக் கூடாது என்ற ஒரு விதியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வழக்கம்போல் செய்யும்படி அவர் வற்புறுத்தினார். மாடிப்படி ஏறுங்கள், வேலைக்குப் போங்கள், காபி குடிப்பவர் என்றால் குடியுங்கள் என்றார். இது மிகவும் சரியான அறிவுரை. பரிசோதனை நாளில் கட்டிலில் அசையாமல் படுத்துக் கிடந்தால், நாம் பயந்து வாழும் வாழ்க்கை பதிவாகாது.

கருவியோடு ஒரு குறிப்புத் தாளும் தந்தார்கள். நெஞ்சில் ஏதாவது தோன்றியவுடன் கருவியிலுள்ள பொத்தானை அழுத்திவிட்டு, நேரத்தையும் அப்போது செய்துகொண்டிருந்த காரியத்தையும் எழுத வேண்டும். ஹோல்டர் செய்துகொள்ளும் பலர் இத்தாளை வெறுமையாகவே திருப்பிக் கொடுப்பதாக அந்த இளைஞர் வருத்தத்தோடு சொன்னார். என் அனுபவத்தில், முழுப் பரிசோதனையிலும் விலைமதிப்பற்றது இந்தத் தாள்தான். கருவி இதயத்தைப் பதிவு செய்கிறது. நாம் என்ன உணர்ந்தோம் என்பதை இந்தத் தாள் மட்டுமே பதிவு செய்கிறது. இரண்டையும் அருகருகே வைக்கும்போதுதான் நமக்குத் தேவையான பதில் கிடைக்கிறது.

அறிக்கை வாங்கும் நாளில் மருத்துவர் அதைத்தான் செய்தார். மொத்தத் துடிப்புகள் 1,04,000-ஐ ஒட்டி இருந்தன. அவற்றில் கீழறை எக்டோபிக் 1,140. அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை வறண்டது. அவர் உடனே அதைச் சதவீதமாக்கிக் காட்டினார்: ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது. எக்டோபிக் துடிப்புகளின் சுமையே இதயத் தசையைப் பலவீனப்படுத்துமோ என்று மருத்துவர்கள் கவனிக்கத் தொடங்குவது, பொதுவாக மொத்தத் துடிப்பில் பத்து சதவீதத்துக்கு மேல் போகும்போதுதான் என்றார். 2010-இல் வெளியான மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், 24 சதவீதத்துக்கு மேற்பட்ட சுமையே இதயத் தசைப் பலவீனத்தோடு தெளிவாகச் சேர்ந்து காணப்பட்டது. இதற்கு முன்பே எடுத்த எக்கோவில் (ஒலியலைகளால் இதயத்தைப் படமெடுக்கும் பரிசோதனை) என் இதயத்தின் அமைப்பும் இயக்கமும் இயல்பாக இருந்ததால், இந்த எண்ணை அவர் கவலைக்குரியதாகவே கருதவில்லை. தூக்கத்தில் துடிப்பு நிமிடத்துக்கு 47 வரை இறங்கியிருந்ததையும் நான் சுட்டிக் காட்டினேன். ஆழ்ந்த உறக்கத்தில் அப்படி இறங்குவது இயல்பே என்று விளக்கினார்.

பிறகு குறிப்புத் தாளை எடுத்தார். நான் பொத்தானை அழுத்திய நேரங்களில் சிலவற்றில் எக்டோபிக் இருந்தது உண்மை. வேறு சிலவற்றில், நெஞ்சு தறிகெட்டு ஓடுவதாக நான் எழுதியிருந்த இடத்தில், நிமிடத்துக்கு 96 என்ற அளவில் முற்றிலும் ஒழுங்கான துடிப்பு மட்டுமே இருந்தது. அதைவிட வியப்பு, நான் எதையுமே எழுதாத நேரங்கள். மாலையில் அக்காவோடு தொலைபேசியில் வெகுநேரம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த போதும், அதிகாலை மூன்று மணியை ஒட்டி நான் நன்றாக உறங்கிக்கொண்டிருந்த போதும், எக்டோபிக் துடிப்புகள் கொத்தாக வந்திருக்கின்றன. எனக்கு ஒன்றும் தெரியவில்லை, எனக்கு ஒன்றும் ஆகவும் இல்லை. தவறிய துடிப்பு வந்ததால் பயந்தேன் என்றே அதுவரை நம்பியிருந்தேன். பயம் வந்த நேரங்களில் பல, துடிப்பே தவறாத நேரங்கள் என்பதைக் காகிதத்தில் கோடு கோடாகப் பார்த்தபின் அந்த நம்பிக்கை நிற்கவில்லை. இதை எவர் வாயால் சொல்லியிருந்தாலும் நான் ஏற்றிருக்க மாட்டேன். மாதிரிக்காகச் சில இடங்களின் பதிவை அச்செடுத்தும் தந்தார். அவற்றை இன்றும் வைத்திருக்கிறேன்.

மாத்திரை ஏதாவது வேண்டாமா என்று கேட்டேன். உடனே எழுதிக் கொடுத்திருந்தால் நான் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டு போயிருப்பேன். ஆனால் அவர் அந்தச் சுலபமான வழியில் போகவில்லை. மாரடைப்பு வந்தவர்களின் எக்டோபிக் துடிப்புகளை மருந்தால் அடக்கினால் உயிர் காக்கலாம் என்று எண்ணி அமெரிக்காவில் நடத்தப்பட்ட காஸ்ட் என்ற பெரிய ஆய்வில், துடிப்புகள் அடங்கின, ஆனால் மருந்து எடுத்தவர்களிடையே இறப்பு கூடியது. 1989-இல் அதன் முதல் முடிவுகள் வந்தபின் இதய மருத்துவமே தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டது என்று எடுத்துரைத்தார். அறிகுறி தாங்க முடியாத அளவு தொல்லை தந்தால் இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரையை யோசிக்கலாம் என்றும், என் நிலைக்கு இப்போது அது வேண்டாம் என்றும் முடித்தார். இதய நோய் இல்லாத, ஆனால் எக்டோபிக் அடிக்கடி வரும் 73 பேரைச் சராசரியாக ஆறரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1985-இல் வெளியான ஆய்விலும், அவர்களுடைய வாழ்நாள் வாய்ப்பு பொதுமக்களுடையதைவிடக் குறைவாக இல்லை. பயத்தோடு வருபவருக்கு இந்தச் செய்தியைச் சொல்வதும் சிகிச்சையே என்பது என் உறுதியான எண்ணம்.

காபியைப் பற்றியும் பேசினோம், ஏனென்றால் நம் பக்கத்தில் டிகிரி காபியை விடச் சொல்வது சிறிய காரியம் இல்லை. 2023-இல் வெளியான ஆய்வொன்றில் நூறு பேரைக் காபி குடிக்கும் நாட்களிலும் குடிக்காத நாட்களிலும் தொடர்ந்து பதிவு செய்தார்கள். மேலறை எக்டோபிக் குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை, கீழறை எக்டோபிக் ஓரளவு கூடியது, தூக்கம் ஏறத்தாழ அரை மணி நேரம் குறைந்தது. எனக்குத் தரப்பட்ட அறிவுரை, மாலைக் காபியை நிறுத்திப் பார்ப்பது மட்டுமே. இரத்தசோகை, தைராய்டு, பொட்டாசியம் ஆகியவற்றை ஒருமுறை பரிசோதிக்கவும் சொன்னார்.

குறைகளும் உண்டு. இரவில் கருவியில் சந்தேகம் வந்தால் அழைக்க எந்த எண்ணும் தரப்படவில்லை. மின்சாரம் இல்லாத இருட்டில், ஒட்டி எழும்பிய நிலையில், பதிவு நின்றுவிட்டதோ என்று தவித்தவனுக்கு இது சிறிய குறையாகத் தெரியவில்லை. அறிக்கையின் முதல் பக்கத்தில் கணினி தானே எழுதிய சுருக்கம் இருக்கிறது; அதில் எண்ணிக்கைகள் எந்த விளக்கமும் இன்றித் தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கின்றன. அதை மருத்துவரிடம் காட்டும் முன்பே வரவேற்பறையில் நோயாளியின் கையில் கொடுத்துவிடுகிறார்கள். நான் அங்கே காத்திருந்த நேரத்தில், என் அருகில் இருந்த வயதான அம்மா ஒருவர் அந்தப் பக்கத்தை மகனிடம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு அழத் தொடங்கினார். இந்த வழக்கத்தை அந்த மையம் கட்டாயம் மாற்ற வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சில மாதங்கள் கழித்து மறுபடியும் ஒரு ஹோல்டர் செய்துகொள்ளலாமா என்று நானே கேட்டபோது, மருத்துவர் வேண்டாம் என்றார். பணம் வரும் வேலையை ஒரு தனியார் மையம் மறுத்ததைக் கண்டு என் மதிப்பு உயர்ந்தது. புதிய அறிகுறி இல்லாதபோது நிம்மதிக்காக எடுக்கும் பரிசோதனை சில நாட்கள் மட்டுமே நிம்மதி தரும், அதன்பின் அடுத்த பரிசோதனையை மனம் கேட்கும் என்று அவர் விளக்கினார். நாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தால் அட்ரினலின் சுரக்கும், அட்ரினலின் சுரந்தால் எக்டோபிக் கூடும், கூடினால் மறுபடியும் நாடியைத் தேடுவோம். ஈசிஜி எடுக்கும் கைக்கடிகாரங்களையும் இந்தக் காரணத்தால் நான் இப்போது பரிந்துரைப்பதில்லை. அவை 30 விநாடிப் பதிவை எடுப்பவை. பெரும்பாலும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் வேறொரு ஒழுங்கின்மையைக் கண்டுபிடிக்கவே அமைக்கப்பட்டவை. பதற்றம் விடாமல் தொடர்ந்தால் மனநல மருத்துவரிடம் போகத் தயங்க வேண்டாம் என்றும் அவரே சொன்னார். இதய மருத்துவர் ஒருவர் அதை இயல்பாகச் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதல்.

இங்கே எழுதியவை எல்லாம் எக்கோ இயல்பாக உள்ளவர்களுக்கே பொருந்தும். மயங்கி விழுந்தவர்கள், வேலை செய்யும்போது நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வருபவர்கள், ஓடும்போதும் படி ஏறும்போதும் துடிப்பு அதிகமாகத் தவறுபவர்கள், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நேர்ந்தவர்கள், முன்பே இதய நோய் உள்ளவர்கள் ஆகியோர் இதுபோன்ற சிறு மையத்துக்கு வராமல் நேரே இதய மருத்துவரைப் பார்க்க வேண்டும். கோரிமேட்டிலுள்ள ஜிப்மரில் இதயவியல் துறை இருக்கிறது. கூட்டம் அதிகம் என்றாலும், அத்தகையவர்கள் செல்ல வேண்டிய இடம் அதுபோன்ற பெரிய மருத்துவமனைதான்.

கடலூரிலிருந்து வருபவர்கள் பொருத்துவதற்கு ஒரு நாளும் கழற்றுவதற்கு மறுநாளும் வர வேண்டியிருக்கும். அரியாங்குப்பம் வழியாக வரும் பேருந்தில் காலை நேர நெரிசலைத் தவிர்த்தால் ஒயர்கள் இழுபடாமல் திரும்பலாம். முன்பக்கம் பொத்தான் வைத்த தளர்வான பருத்திச் சட்டையை அணிந்து வாருங்கள். வீட்டில் குளித்துவிட்டு, மார்பில் பவுடரோ எண்ணெயோ பூசாமல் வாருங்கள். பழைய ஈசிஜி, எக்கோ அறிக்கைகளைக் கையோடு கொண்டு வாருங்கள். பணம் கட்டும் முன்பே, அறிக்கையை மருத்துவர் நேரில் விளக்குவாரா, குறிப்புத் தாளோடு ஒப்பிட்டுக் காட்டுவாரா, பதிவின் மாதிரிப் பக்கங்களைத் தருவார்களா என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், வேறு மையத்தைத் தேடிப் போகலாம்.