ஆவியோடு கதைக்கிறவர் பேய்க்காட்டிய பின்னேரம்

ஐந்துக்கு ஒரு நட்சத்திரம். அதுவும் மண்டபத்தின் ஏசிக்கும் இடைவேளையில் தந்த தேத்தண்ணிக்கும். நிகழ்ச்சிக்குப் பூச்சியம்தான், பூச்சியம் போட இங்கே வழியில்லை.

டிவியிலும் யூடியூப்பிலும் செத்தவர்களோடு கதைக்கிறவர் என்று பெயரெடுத்த ஒருவர், நல்லூர்ப் பக்கம் ஒரு கலியாண மண்டபத்தில் நடத்திய 'ஆன்ம சந்திப்பு' பற்றித்தான் சொல்கிறேன். ஆளின் பெயரையோ ஒழுங்கு செய்தவர்களின் பெயரையோ எழுதப் போவதில்லை, போஸ்டரைக் கண்டவர்களுக்கு விளங்கும். ரிக்கெற் 5,000, 10,000, 25,000 என்று மூன்று விலை. 25,000 கட்டினால் முன்வரிசை, அங்கே இருப்பவர்களுக்கு 'தொடர்பு கிடைக்கும் வாய்ப்பு அதிகம்' என்று போட்டிருந்தார்கள். செத்தவர்களும் முன்வரிசையைத்தான் பார்ப்பார்கள் போல.

நான் போனது மாமிக்குத் துணையாக. மாமா போன வருடம் காலமானார். மாமி ஒன்றும் விளங்காத ஆள் இல்லை, கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்ற ரீச்சர், இன்றைக்கும் மரக்கறிக்காரன் பத்து ரூபாய் கூட்டிச் சொன்னால் விடமாட்டா. ஆனால் பிள்ளைகள் மூன்று பேரும் வெளியில், வீட்டில் தனிய, பின்னேரமானால் கதைக்க ஆள் இல்லை. ரிக்கெற் எடுத்து அனுப்பியது கனடாவில் இருக்கும் மூத்தவன். தகப்பனின் செத்தவீட்டைப் போனில் லைவ்வாகப் பார்த்த பிள்ளை அவன். அந்த மனக்குறைக்கு 25,000 ரூபாய் அவனுக்குப் பெரிய காசாகத் தெரிந்திருக்காது. இந்த வியாபாரம் யாரைப் பிடித்து நடக்கிறது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சரி, சேவைக்கு வருவோம். ரிக்கெற் எடுக்கும்போதே ஒரு படிவம் நிரப்ப வேண்டும். இறந்தவரின் முழுப்பெயர், உறவுமுறை, காலமான திகதி, ஒரு படம். 'ஆன்மாவை அழைப்பதற்கு வசதியாக' என்று காரணம் போட்டிருந்தது. இரண்டு நாள் கழித்து வட்ஸ்அப்பில் ஒரு பிள்ளை எடுத்து, ரிக்கெற் வந்ததா என்று கேட்கிற சாட்டில் நல்ல வடிவாக, பாசமாக மாமியோடு கதைத்தது. மாமி முழுக்கதையும் சொல்லிப்போட்டா, மாமாவுக்கு முதலில் எங்கே நோ வந்தது, எந்த வாட்டில் வைத்திருந்தார்கள், கடைசியாக என்ன சாப்பிட்டார் என்பது வரைக்கும். அப்புறம் மண்டப வாசலில் வெள்ளை ரீசேட் போட்ட பெடியள் வரிசையில் நிற்கிற சனத்துக்குத் தண்ணிப் போத்தல் கொடுத்துக்கொண்டு, "அம்மா எங்கயிருந்து வாறியள்? ஆருக்காக வந்தனீங்கள்?" என்று விசாரித்துக்கொண்டே வந்தார்கள். கேட்டுவிட்டு ஒரு பெடியன் தூணுக்குப் பின்னால் போய் நின்று போனில் தட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். காதலிக்கு அனுப்பினானோ என்னவோ, நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

இதெல்லாம் இல்லாவிட்டாலும் ஆளுக்குக் கஷ்டமில்லை, ஏனென்றால் எங்கள் ஊரில் மரண அறிவித்தல் என்று ஒன்று இருக்கிறது. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார், அன்னார் இன்னாரின் பாசமிகு கணவரும், இன்னார் இன்னாரின் அன்புத் தந்தையும், லண்டனில் இருக்கும் இன்னாரின் மாமனாரும் என்று ஒரு குடும்பத்தின் முழு வரைபடத்தையும் பேப்பரிலும் இணையத்திலும் நாங்களே போட்டு விடுகிறோம், போதாததற்கு முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு என்று ஒரு நினைவுப் புத்தகம் அடித்து அதில் வாழ்க்கை வரலாறும் எழுதுகிறோம். உலகத்தில் வேறு எந்தச் சனமாவது ஆவி பிடிக்கிறவர்களுக்கு இவ்வளவு உதவி செய்யுமோ தெரியாது.

நிகழ்ச்சி தொடங்கியது. விளக்கை மங்கலாக்கி, புல்லாங்குழல் போட்டு, ஆள் கண்ணை மூடிக்கொண்டு நடந்து வந்தார். "இந்தப் பக்கத்திலிருந்து எனக்கு ஒரு 'சி' வருது... சிவா... சிவம்..." என்றார். யாழ்ப்பாணத்தில் ஒரு மண்டபம் நிறையச் சனத்தை வைத்துக்கொண்டு 'சிவ' என்றால் யாருக்குத்தான் ஆள் இல்லை? ஏழெட்டுக் கை எழும்பியது. அதில் ஒன்றைப் பிடித்தார். "நெஞ்சுப் பக்கம் ஒரு பாரம்." ஓம். "வீட்டில் ஒரு கிணறு தெரியுது, பக்கத்தில் ஒரு மரம்." ஓம் ஓம். "ஒரு காலத்தில் எல்லாத்தையும் விட்டுட்டு அவசரமா வீட்டை விட்டுக் கிளம்பியிருக்கீங்க." அந்த மனுசி அழத் தொடங்கிவிட்டா. 1995 ஒக்டோபர் 30 இரவு யுத்தத்துக்குப் பயந்து குடாநாட்டில் வலிகாமத்துச் சனம் முழுக்கச் சாமானைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தது, இதைச் சொல்ல ஆவி வேண்டுமா? அடுத்தது இன்னும் திறம்: "ஒரு காணி விசயம் தீராம இருக்கு." மண்டபம் முழுக்க ஒரு பெருமூச்சு வந்தது, அந்தச் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

எல்லாருக்கும் பொருந்துகிறதை ஒருவருக்கு மட்டும் சொல்வதுபோலச் சொன்னால் மனம் அதைத் தனக்கென்றே எடுத்துக்கொள்ளும். 1948 இல் பேர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் பேராசிரியர் தன்னுடைய 39 மாணவர்களுக்கு ஒரு சோதனை வைத்து, ஆளாளுக்குத் தனித்தனி முடிவு என்று சொல்லி எல்லாருக்கும் ஒரே தாளைக் கொடுத்தார், அதில் இருந்த வசனங்கள் கடையில் விற்கிற சோதிடப் புத்தகத்தில் எடுத்தவை. அது தங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று மாணவர்கள் போட்ட சராசரிப் புள்ளி ஐந்துக்கு 4.26. என்னுடைய ஒரு நட்சத்திரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மாமியின் முறை இடைவேளைக்குப் பிறகு வந்தது. மாமாவின் பெயர், மூன்று பிள்ளைகள், கனடா, வாட்டில் கிடந்தது, எல்லாம் புட்டுப்புட்டு வைத்தார். மாமி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தா. கடைசியாக, "அவர் பிறந்த மண்ணைக் காட்டுறார், வேலணை, வேலணைன்னு சொல்றார்" என்றார். மாமா பிறந்தது புங்குடுதீவு. மரண அறிவித்தலைக் கனடாவில் இருந்து அவசரத்தில் எழுதி அனுப்பியபோது வேலணை என்று பிழையாக விழுந்துவிட்டது, அதற்காக மாமாவின் தம்பியார் இன்றைக்கும் கோபத்தில் இருக்கிறார். அறிவித்தலில் விழுந்த அதே பிழையை ஆவியும் விடுகிறது என்றால் அந்த ஆவி எங்கே பார்த்து வாசிக்கிறது? மாமியின் பிடி தளர்ந்தது. அதற்கு மேல் மாமா மாமியை "அம்மா, கவலைப்படாதீங்க" என்று தேற்றியதாகவும் சொன்னார். உயிரோடு இருந்த காலம் முழுக்க "இஞ்சாரும்" என்பதைத் தவிர வேறு விதமாகக் கூப்பிட்டறியாத மனிசன்.

இது இங்கே மட்டும் நடக்கிற சுத்துமாத்து இல்லை. அமெரிக்காவில் சூசன் ஜெர்பிக் என்ற பெண் 2017 இல் இப்படி ஒரு பிரபலத்தின் மேடை நிகழ்ச்சிக்குப் பொய்ப்பெயரில் ரிக்கெற் எடுத்தார். அந்தப் பெயரில் பேஸ்புக்கில் பொய்க் கணக்கு இருந்தது, ஆனால் அதில் என்ன குடும்பக்கதை எழுதியிருக்கிறது என்று அவருக்கே சொல்லாமல் நண்பர்கள்தான் நிரப்பினார்கள். மேடையில் நின்றவர், கணையத்தில் புற்றுநோய் வந்து செத்த இரட்டைச் சகோதரன் ஒருவனை அழைத்துக் கதைத்தார். அப்படி ஒரு சகோதரன் பிறக்கவே இல்லை. ஜெர்பிக்குக்கே கதை தெரியாததால் மனதைப் படித்தார் என்றும் சொல்ல முடியாது. செத்தவர்களைப் பற்றி நாங்கள் எழுதியதை எடுத்து எங்களுக்கே விற்கிறார்கள், எங்கள் கிணற்றுத் தண்ணியைப் போத்தலில் அடைத்து எங்கள் வாசலில் விற்பதுபோல.

இதுவரைக்கும் சிரிக்கலாம். காசு போனது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு நடந்ததற்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

பின்வரிசையில் ஒரு அம்மா லமினேட் பண்ணிய படத்தை நெஞ்சில் அணைத்தபடி எழும்பினா. அந்தப் படம் எந்தக் கூட்டத்துக்குரியது என்று எங்களுக்குப் பார்த்தவுடன் தெரியும், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் தொடங்கிய போராட்டத்தில் இருந்து அந்தப் படங்களை ரோட்டோரக் கொட்டகைகளில் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். மகனை யுத்தம் முடிந்த 2009 மே மாதம் முல்லைத்தீவு வட்டுவாகலில் இராணுவத்திடம் கையளித்ததாம். ஆள் கண்ணை மூடினார். "தண்ணி தெரியுது. ரெண்டு பக்கமும் தண்ணி." வட்டுவாகல் பாலத்தின் ஒரு பக்கம் நந்திக்கடல், மற்றப் பக்கம் பெருங்கடல், அந்தப் பாலத்தால் வந்தவர்கள் எல்லாருக்கும் இரண்டு பக்கமும் தண்ணிதான். "உயிரோடதான் இருக்கார். உயரமான மதில். உங்களை நெனச்சுட்டே இருக்கார்." அந்த அம்மா அழவில்லை. "எந்தப் பக்கம் தம்பி? எந்த முகாம் எண்டு சொல்லுங்கோ, நான் போறன்" என்று கேட்டா, விலாசம் எழுதத் தயாராக நிற்கிற ஆளைப்போல. "அது இப்ப தெளிவா வரல, தனி அமர்வுல பாக்கலாம்." தனி அமர்வு 75,000 ரூபாய். உயிரோடு இருப்பவர் ஆன்மாக்கள் வரும் மேடைக்கு எப்படி வந்தார் என்று கேட்க அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

இருக்கிறான் என்று சொன்னால் பரவாயில்லை, ஆறுதல்தானே என்று பக்கத்தில் ஒருவர் சொன்னார். காணாமல் ஆக்கப்பட்டோர் அலுவலகத்துக்கு 2016 இல் சட்டம் போட்டு, யாழ்ப்பாணத்திலும் கிளை திறந்து, பதில் கிடைக்காமல் அலைகிற தாய்மாரிடம் யாரும் பொய்ப்பதில் விற்கலாம், அதைச் சரிபார்க்க ஒருவரும் இல்லை என்பதுதான் இந்த ஆட்களுக்கு வசதி. இல்லை என்று சொன்னாலும் அதே அநியாயம்தான். சில்வியா பிரவுண் என்று அமெரிக்காவில் பெரிய புகழோடு இருந்தவர், 2004 நவம்பரில் மொன்டெல் வில்லியம்ஸ் டிவி நிகழ்ச்சியில் ஒரு தாயிடம் உன் மகள் உயிரோடு இல்லை என்று சொன்னார். மகள் அமண்டா பெரி, கிளீவ்லாந்தில் 2003 இல் 16 வயதில் காணாமல் போனவள். தாய் 2006 மார்ச்சில் இறந்துபோனா. 2013 மே 6 இல் அமண்டா, அதே நகரத்தில் தன்னை அடைத்து வைத்திருந்த வீட்டின் கதவை அயலவர் உதவியோடு உடைத்துக்கொண்டு, ஆறு வயது மகளோடு வெளியே வந்தாள். ஷோன் ஹோர்ன்பெக் என்ற பையன் செத்துவிட்டான் என்று 2003 இல் பெற்றோரிடம் சொன்னதும் அதே சில்வியாதான், அவனும் 2007 ஜனவரியில் உயிரோடு கிடைத்தான். இவ்வளவுக்குப் பிறகும் அவரின் புத்தகங்கள் விற்றுக்கொண்டுதான் இருந்தன.

எங்கள் ஊர்ச் சாத்திரிமாரையும் மை பார்க்கிறவர்களையும் நான் நம்புகிறவன் இல்லை. ஆனால் அவர்களில் ஒரு நல்லது, அடுத்த கிழமையும் அதே திண்ணையில்தான் இருப்பார்கள், பிழைத்தால் போய்ச் சண்டை பிடிக்கலாம். இவர் அடுத்த நாள் காலை பிளேன் ஏறிவிட்டார்.

யாழ் மத்திய கல்லூரியில் ஒரு காலத்தில் தாவரவியல் படிப்பித்த ஆபிரகாம் கோவூர், இப்படிப்பட்ட சக்தியை ஏமாற்று இல்லாத சோதனையில் காட்டுகிறவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று 1963 இல் அறிவித்தார். 1978 இல் அவர் இறக்கும் வரைக்கும் அந்தக் காசு போகவில்லை. இன்றைய பணத்துக்கு அது எவ்வளவு என்று யோசியுங்கள், நாலு முன்வரிசை ரிக்கெற்றைவிட எவ்வளவோ கூட.

காசைத் திருப்பிக் கேட்டு எழுதினேன். சந்தேகத்தோடு வந்தவர் பக்கத்தில் இருந்ததால் தொடர்பு குழம்பியதாம், அதாவது குற்றவாளி நான். ரிக்கெற்றின் பின்பக்கத்தில் குட்டி எழுத்தில் 'பொழுதுபோக்கு நோக்கத்துக்கு மட்டும்' என்று அடித்திருப்பதை அப்போதுதான் காட்டினார்கள். பாவனையாளர் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு எடுத்து முறைப்பாடு சொல்லலாம் என்று இருக்கிறேன், என்ன நடந்தது என்று கீழே சேர்த்து விடுகிறேன்.

அடுத்த மாதம் மட்டக்களப்பாம், அதே மூன்று விலை. போகத்தான் வேண்டும் என்றால் படிவத்தில் இல்லாத ஒரு சித்தப்பாவை எழுதிக் கொடுங்கள். அவரும் வந்து கதைப்பார்.