சர்வர் வைக்காமல் ஒரு சொந்த கிளவுட்: சிங்க்திங்குடன் இரண்டு வருடம்

எங்கள் வீட்டுப் படங்கள் எல்லாம் இப்போது எங்கள் சொந்தக் கருவிகள் மூன்றுக்குள்ளேயே இருக்கின்றன: என் மொபைலில், சென்னையில் என் மேஜைக்கு அடியில் கிடக்கும் பழைய டெஸ்க்டாப்பில், திருநெல்வேலியில் அப்பாவின் லேப்டாப்பில். மாதச் சந்தா கிடையாது, எங்கேயும் கணக்குத் திறக்கவில்லை, எந்த நிறுவனத்தின் ஹார்ட் டிஸ்க்கிலும் எங்கள் படம் இல்லை. இதைச் செய்து தருவது சிங்க்திங் என்கிற கட்டற்ற மென்பொருள். இரண்டு வருடத்துக்கு மேல் தினமும் ஓடுகிறது, அதனால் தைரியமாகவே எழுதுகிறேன்.

இதற்கு முன்னால் நிறைய முயன்று பார்த்திருக்கிறேன். மாஸ்டடான் என்கிற கட்டற்ற சமூக வலைத்தளத்தில் கணக்கு, மேட்ரிக்ஸ் என்கிற கட்டற்ற அரட்டை வலையமைப்பில் குடும்பத்துக்கு ஒரு அறை, அப்புறம் ஒரு கையளவு கம்ப்யூட்டரில் சொந்தமாக கிளவுட் சர்வர். அந்த சர்வர்தான் ஆளைப் பாடாய்ப் படுத்தியது. டேட்டாபேஸ், அப்டேட், டொமைன், சான்றிதழ் என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்கே போய்விடும். ஒரு நாள் மெமரி கார்டு செத்துப்போனது, அதோடு எல்லாம் போச்சு. நம் தரவு நம்மிடம் இருக்க வேண்டும் என்பதில் மாற்றமில்லை, ஆனால் அதற்காக வீட்டில் ஒருத்தர் சர்வருக்குக் காவல் இருக்க முடியாது.

சிங்க்திங்கை யாகோப் போர்க் 2013இல் தொடங்கினார், மொசில்லா பொது உரிமத்தில் வெளிவருகிறது. வேலை செய்யும் விதம் எளிது. ஒவ்வொரு கருவிக்கும் எழுத்துகளும் இலக்கங்களும் கலந்த ஒரு நீண்ட அடையாள எண். இரண்டு கருவிகளும் ஒன்றின் எண்ணை மற்றொன்று ஏற்றுக்கொண்டால்தான் பேசிக்கொள்ளும், பேசுவது முழுக்க, நடுவில் யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டே போகும். அப்புறம் எந்த போல்டரைப் பகிர்வது என்று சொன்னால் போதும்.

அந்த எண் 56 எழுத்துகள், ஏழு ஏழாக எட்டுக் கூட்டம். மொபைலில் கியூஆர் கோடு இருக்கிறது, பிரச்சினையே இல்லை. அப்பாவின் லேப்டாப்புக்கு மட்டும் அவர் போனில் வாசிக்க வாசிக்க நான் தட்டினேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஒவ்வொரு எழுத்தாக, ஏழு முடிந்ததும் "கோடு" என்று சொல்லி நிறுத்தி வாசித்தார். நான்காவது கூட்டத்தில் "எம்" என்ற எழுத்தை நான் "என்" என்று கேட்டுவிட்டேன், மென்பொருள் உடனே ஏற்க மறுத்துவிட்டது. அந்த எண்ணுக்குள்ளேயே சரிபார்க்கும் எழுத்துகள் இருக்கின்றன. பூஜ்யம், ஒன்று, எட்டு என்று தவறாக அடித்தால் ஓ, ஐ, பி என்று தானே எடுத்துக்கொள்ளும். இப்படி யோசித்துச் செய்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

வீட்டு வைஃபைக்குள் வேகம் அருமை. ஊருக்கும் சென்னைக்கும் நடுவில்தான் மெதுவாகிறது. நம் இணைய இணைப்புகளில் ஒரே பொது ஐபி முகவரியை (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) பல வீடுகளுக்குப் பங்கிட்டுத் தருவது சகஜம் என்பதால் இரண்டு முனையும் நேராகத் தொட முடியாமல் போகலாம், அப்போது தன்னார்வலர்கள் நடத்தும் இடைநிலைச் சர்வர்கள் வழியாகப் போகும். அவர்களால் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. ஆனால் ஒன்று, கருவிகளைக் கண்டுபிடித்துத் தரும் சர்வருக்கு உங்கள் ஐபி முகவரி தெரியும். வேண்டாமென்றால் அந்தக் கண்டுபிடிக்கும் வசதியை அணைத்துவிட்டு வீட்டுக்குள் மட்டும் ஓட்டலாம், அல்லது அந்த சர்வரையும் நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

இப்போது முக்கியமான விஷயம். சிங்க்திங் பேக்கப் கிடையாது, ஒத்திசைவு. ஒரு பக்கம் அழித்தால் எல்லாப் பக்கமும் அழியும். இதைப் படித்திருந்தும் மனதில் வாங்கவில்லை. மொபைலில் இடம் இல்லை என்று அப்பாவின் மணிவிழாப் படங்களை அழித்தேன், டெஸ்க்டாப்பில்தான் இருக்கிறதே என்ற நினைப்பில். ராத்திரி போய்ப் பார்த்தால் டெஸ்க்டாப்பிலும் காணோம். கை நடுங்கிவிட்டது. நல்லவேளை, அப்பாவின் லேப்டாப்பில் மட்டும் ட்ராஷ் கேன் என்கிற வசதியைப் போட்டு வைத்திருந்தேன். வெளியிலிருந்து அழிக்கப்படும் பைல்களை அது மறைவான ஒரு போல்டரில் ஒதுக்கி வைக்கும். மறுநாள் காலை அவரை அதிலிருந்து மீட்கும் பொத்தானை அழுத்தச் சொல்லி, எல்லாம் திரும்பி வந்தது. இந்த வசதி தானாக இயங்காது, நீங்கள்தான் போட வேண்டும்.

அதன்பிறகு முறையை மாற்றிவிட்டேன். கேமரா போல்டர் டெஸ்க்டாப்புக்கு வரும், மாதக் கடைசியில் அங்கிருந்து படங்களை ஆல்பம் என்கிற வேறு போல்டருக்கு நகர்த்துவேன். நகர்த்தியதும் மொபைலில் தானாக இடம் காலியாகும். ஆல்பம் போல்டர் இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு இடையில் மட்டும் பகிரப்படுகிறது. கூடவே ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் தனியாக பேக்கப்.

அதிகாரபூர்வ ஆண்ட்ராய்ட் செயலி 2024 டிசம்பரோடு நின்றுவிட்டது, அது வருத்தம்தான். நான் எஃப்-ட்ராய்ட் என்கிற கட்டற்ற செயலிகளின் கடையிலிருந்து, சிங்க்திங்-ஃபோர்க் என்கிற அதன் கிளைச் செயலியைப் போட்டுக்கொண்டேன், நன்றாகவே ஓடுகிறது. சார்ஜில் இருக்கும்போது, வைஃபையில் மட்டும் ஓடும்படி வைத்தால் பேட்டரிக் கவலை இல்லை. ஐபோனுக்கு அதிகாரபூர்வ செயலி இல்லை, அக்காவின் ஐபோனை இன்னும் சேர்க்க முடியவில்லை.

முயன்று பார்ப்பவர்கள் முதல் நாளே முழு மொபைலையும் இணைக்காதீர்கள். வேண்டாத நாலு படங்களை ஒரு போல்டரில் போட்டு, மற்ற எல்லாக் கருவிகளிலும் ட்ராஷ் கேனைப் போட்டுவிட்டு, ஒன்றை அழித்துப் பாருங்கள், அப்புறம் அதை மீட்டுப் பாருங்கள். அது கைக்கு வந்தபிறகு கேமரா போல்டரைச் சேருங்கள்.