ஆக்ஸ்போர்டா, கேம்பிரிட்ஜா: 1900களில் கிரேக்கமும் லத்தீனும் படிக்கப் போனவனுக்கு

முதல் உலகப்போருக்கு முந்தைய இங்கிலாந்தில் கிரேக்கமும் லத்தீனும் படிக்க விரும்பிய மாணவனுக்குப் பெரும்பாலும் இரண்டே வழிதான். ஒன்று ஆக்ஸ்போர்டின் 'கிரேட்ஸ்', இன்னொன்று கேம்பிரிட்ஜின் 'ட்ரைபாஸ்'. இரண்டும் பட்டத்துக்கான தேர்வுகளின் பெயர்கள். இரண்டு இடத்திலும் படித்த நூல்கள் ஏறக்குறைய ஒன்றுதான் என்றாலும், அவற்றைக் கொண்டு மாணவனை என்னவாக ஆக்கப் பார்த்தார்கள் என்பதில் பெரிய வித்தியாசம் உண்டு.

ஆக்ஸ்போர்டில் நான்கு வருடப் படிப்பு. இரண்டாம் வருட நடுவில் 'மாட்ஸ்' தேர்வு வரும். ஹோமர், வெர்ஜில், டெமாஸ்தனிஸ், சிசரோ என்று மொழியும் இலக்கியமும் அதோடு தீர்ந்துவிடும். அப்புறம் முழுக்க வரலாறும் தத்துவமும்தான், அதன் முடிவில் வரும் தேர்வுதான் கிரேட்ஸ். ஹெரோடோட்டஸ், துசிடிடிஸ், பிளேட்டோவின் 'குடியரசு', அரிஸ்டாட்டிலின் அறவியல், கூடவே காண்ட் போன்ற பிற்காலத்தவர்கள். வாரம் ஒரு கட்டுரை எழுதி, ஆசிரியரின் அறைக்குப் போய் உரக்கப் படிக்க வேண்டும். அவர் இடைமறித்துக் கேட்கும் கேள்விக்கு அங்கேயே பதில் சொல்ல வேண்டும். இந்தப் பயிற்சி ஆட்சிப் பணிக்கும் அரசியலுக்கும் நன்றாகவே உதவியது. நம் ஊருக்கு வந்த ஐ.சி.எஸ். அதிகாரிகளில் கிரேட்ஸ் படித்தவர்கள் கணிசம்.

கேம்பிரிட்ஜில் ட்ரைபாஸுக்கு இரண்டு பகுதிகள். முதல் பகுதியின் உயிர்நாடி மொழிபெயர்ப்பும், அந்த மொழியிலேயே எழுதும் ஆக்கமும். ஆங்கிலக் கவிதை ஒன்றைக் கொடுத்து, நாடகாசிரியர் சோபக்ளிஸ் எழுதியது போலக் கிரேக்க யாப்பில் ஆக்கித் தரச் சொல்வார்கள். வெண்பாவில் தளை தட்டினால் எப்படியோ, அப்படித்தான் அங்கேயும். ஓர் அசை நெடிலா குறிலா என்பதில் தவறினால் அடியே போச்சு. திருத்திய தாளோடு ஆசிரியர் தாம் எழுதிய வடிவத்தையும் கொடுப்பார். மாணவன் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தே கற்றுக்கொள்வான்.

இதை வெறும் வித்தை காட்டல் என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு மொழியில் எழுதிப் பார்க்காதவனுக்கு அந்த மொழியின் பிழையான பாடம், அதாவது பழைய பிரதிகளில் தவறாகப் படியெடுத்த சொல், கண்ணில் படாது. ஏ. இ. ஹவுஸ்மனையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் ஆக்ஸ்போர்டில் மாட்ஸில் முதல் வகுப்பு வாங்கியவர். ரோமானியக் கவிஞர் புரோபர்ஷியஸின் மூலபாடத்தில் மூழ்கி வரலாற்றையும் தத்துவத்தையும் விட்டுவிட்டதால், 1881இல் கிரேட்ஸில் தோற்றார். பத்து வருடம் காப்புரிமை அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. அங்கிருந்தபடியே எழுதிய ஆய்வுகளின் பலத்தில் 1892இல் லண்டனில் லத்தீன் பேராசிரியரானார். 1911இல் கேம்பிரிட்ஜ் அவரைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. அந்தத் தலைமுறையின் தலைசிறந்த லத்தீன் அறிஞருக்கு ஆக்ஸ்போர்டின் அளவுகோலில் இடமில்லை என்பது சின்னக் குறை இல்லை.

கேம்பிரிட்ஜிலும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. தத்துவம், வரலாறு, தொல்லியல், மொழியியல் எல்லாம் இரண்டாம் பகுதியில்தான். முதல் பகுதியோடு பட்டம் வாங்கிக்கொண்டு போக வழி இருந்ததால், பிளேட்டோவின் வாக்கியத்தைப் பிரித்து மேயத் தெரிந்தும் அவர் வாதத்தோடு மல்லுக்கட்டாமலே பலர் வெளியேறினார்கள். ஆக்ஸ்போர்டில் அப்படித் தப்ப முடியாது.

ஆனால் இரண்டாம் பகுதிவரை போனவனுக்குப் புது உலகம் திறந்தது. பானை ஓவியங்களையும் சடங்குகளையும் கொண்டு கிரேக்க மதத்தை ஆராய்ந்த ஜேன் ஹாரிசன் நியூனம் கல்லூரியில் இருந்தார். அவருடைய முதல் பெரிய நூல் 1903இல் வந்தது. ஆக்ஸ்போர்டும் சும்மா இருக்கவில்லை. கிரென்ஃபெல்லும் ஹன்ட்டும் எகிப்தின் ஆக்சிரிங்கஸ் குப்பைமேடுகளில் தோண்டியெடுத்த பாப்பிரஸ் ஏடுகளைப் படித்துப் பதிப்பித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அதெல்லாம் ஆசிரியர்களின் ஆராய்ச்சி. மாணவனின் தேர்வுத்தாள் பழைய தடத்திலேயே ஓடியது.

என் கணக்கில் அரசுப் பணிக்குப் போகிறவனுக்கு ஆக்ஸ்போர்டு. நூலோடு வாழப் போகிறவனுக்குக் கேம்பிரிட்ஜ், அதுவும் இரண்டாம் பகுதி முடிக்கும் உறுதி இருந்தால் மட்டும். படிக்கப் போவது பெண்ணாக இருந்தால் கணக்கு மாறிவிடும். இரண்டு இடத்திலும் தேர்வு எழுத விட்டார்கள், பட்டம் தரவில்லை. ஆக்ஸ்போர்டு 1920இல் மனம் மாறியது. கேம்பிரிட்ஜ் 1948வரை முழுப் பட்டம் கொடுக்கவில்லை. ஹாரிசன் அதற்கு இருபது வருடம் முன்பே இறந்துவிட்டார்.