இரும்புச் சட்டைக்குள் மாட்டிக்கொண்ட பட் ஸ்பென்சர்

பட் ஸ்பென்சர் படம் என்றால் எனக்குக் கதை வேண்டாம், லாஜிக் வேண்டாம். அவர் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து எவனாவது ஒருத்தன் வம்புக்கு வர வேண்டும், அவர் பெருமூச்சு விட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து நாலு சாத்து சாத்த வேண்டும், அவ்வளவுதான். அந்த நினைப்பில்தான் 1976-இல் வந்த ‘இல் சோல்தாதோ தி வெந்தூரா’வைப் போட்டு உட்கார்ந்தேன். தலைப்பைத் தமிழில் சொன்னால் கூலிப்படை வீரன். பக்கத்தில் அக்கா பையன், பத்து வயது. ஏற்கெனவே இரண்டு பட் ஸ்பென்சர் படங்களைக் காட்டி அவனைக் கெடுத்து வைத்திருக்கிறேன். அதனால் அவனும் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு தயாராகத்தான் இருந்தான். அரை மணி நேரம் போனது. “மாமா, இவரு எப்ப அடிப்பாரு?” என்றான். இதோ அடிப்பார், இரு என்றேன். அதற்கப்புறம் இன்னும் மூன்று முறை அதையே சொல்ல வேண்டியிருந்தது.

அவ்வப்போது அடிக்கத்தான் செய்கிறார். ஆனால் பசியோடு பந்தியில் உட்கார்ந்தவனுக்கு ஊறுகாயை மட்டும் வைத்துவிட்டுப் போன மாதிரி இருக்கிறது.

முதலில் ஆளைப் பற்றி, தெரியாதவர்களுக்காக. நிஜப் பெயர் கார்லோ பெதெர்சோலி, 1929-இல் நேப்பிள்ஸில் பிறந்தவர். நடிகராவதற்கு முன் நீச்சல் வீரர். 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலை ஒரு நிமிடத்துக்குள் நீந்திய முதல் இத்தாலியர் அவர்தான், 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்ஸுக்கும் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸுக்கும் போயிருக்கிறார். பட் என்பது பட்வைசர் பீரிலிருந்து எடுத்தது, ஸ்பென்சர் என்பது ஹாலிவுட் நடிகர் ஸ்பென்சர் ட்ரேஸியிலிருந்து எடுத்தது. டெரன்ஸ் ஹில்லோடு 1970-இல் அவர் நடித்த டிரினிட்டி என்கிற சிரிப்பு வெஸ்டர்ன் பிய்த்துக்கொண்டு ஓடியது. அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து வருடம் இரண்டு பேரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் ஐரோப்பா முழுவதையும் அறைந்தே சிரிக்க வைத்தார்கள். 2016-இல் அவர் இறந்த செய்தி வந்தபோது, சின்ன வயதில் தெரிந்த பெரியப்பா ஒருவர் போய்விட்ட மாதிரிதான் எனக்கு இருந்தது. அதனால் இதை ஏதோ வெறுப்பில் எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இந்தப் படத்தில் டெரன்ஸ் ஹில் இல்லை. அது ஒரு குறையா என்றால், தனியாகவும் அவர் ஜெயித்திருக்கிறார், 1973-இல் துப்பாக்கி எடுக்காத நேப்பிள்ஸ் போலீஸ்காரராக வந்து ஒற்றை ஆளாகப் படத்தைத் தூக்கி நிறுத்தியவர்தான். ஹில் இல்லாததைவிடப் பெரிய சிக்கல் வேறு: ஆளுக்கு இரும்புக் கவசம் மாட்டிவிட்டார்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவருடைய பேர்போன அடியை நினைத்துப் பாருங்கள். வலது கையை மடக்கி மேலே தூக்குவார், அவசரமே இருக்காது, ஆணி அடிப்பதுபோல எதிராளியின் உச்சந்தலையில் நேராக இறக்குவார். அடி வாங்கியவன் உடனே விழ மாட்டான். ஒரு வினாடி அப்படியே நிற்பான், கண்மணி இரண்டும் மூக்கை நோக்கி நகரும், வாய் லேசாகக் கோணும், முழங்கால் தொய்யும், அப்புறம்தான் மூட்டை சாய்கிற மாதிரி சாய்வான். சிரிப்பு முழுவதும் அந்த ஒரு வினாடியில் இருக்கிறது. அது அடிப்பவர் முகத்தில் இல்லை, வாங்குபவன் முகத்தில். அவரிடம் அடி வாங்கியே பெயர் வாங்கிய ரிக்கார்தோ பிட்சூத்தி மாதிரி ஸ்டண்ட் ஆட்களை ரசிகர்கள் இன்றைக்கும் அடையாளம் கண்டு கொண்டாடுவது சும்மா இல்லை, அந்த முகங்களுக்காகத்தான். இப்போது அந்த முகத்தின் மேல் ஒரு இரும்புத் தலைக்கவசத்தைக் கவிழ்த்து முகமூடியையும் இறக்கிவிடுங்கள். என்ன மிச்சம்? ‘டங்’ என்று பாத்திரக்கடைச் சத்தம். யார் விழுந்தான், எப்படி விழுந்தான், வலித்ததா என்று ஒன்றும் தெரியாது. அலமாரி ஒன்று சாய்ந்த மாதிரி இருக்கிறது. அலமாரி சாய்ந்தால் யாராவது சிரிப்பார்களா?

அந்தக் காலத்து முழுக் கவசம் இருபது, இருபத்தைந்து கிலோ இருக்கும். எடை உடம்பு முழுவதும் பரவி இருப்பதால் பழகியவன் அதோடு தானாகவே குதிரை ஏறலாம், ஓடலாம், விழுந்தால் எழுந்தும் விடலாம். ஆக, நிஜ வீரர்கள் அதில் சுறுசுறுப்பாகத்தான் இருந்திருப்பார்கள். படத்தில் எல்லோரும் அப்போதுதான் தூங்கி எழுந்த மாதிரி நகர்கிறார்கள்.

சரி, கதை. 1503, தெற்கு இத்தாலி. நேப்பிள்ஸ் ராஜ்யம் யாருக்கு என்று பிரெஞ்சுக்காரர்களும் ஸ்பெயின்காரர்களும் அடித்துக்கொள்கிறார்கள். உள்ளூர் இத்தாலியர்கள் யார் கூலி கொடுக்கிறார்களோ அவர்கள் பக்கம். பார்லெட்டா என்கிற கடலோர ஊரில் ஸ்பெயின் படை அடைபட்டுக் கிடக்கிறது, வெளியே பிரெஞ்சுப் படை. அங்கே வந்து சேருகிறார் எத்தோரே ஃபியராமோஸ்கா, அதாவது நம் பட் ஸ்பென்சர், கூடவே ஒரு சில்லறைக் கும்பல். கடைசியில் பதின்மூன்று இத்தாலியர்களும் பதின்மூன்று பிரெஞ்சுக்காரர்களும் மானப் பிரச்சினைக்காக மோதுகிறார்கள்.

இது கற்பனை இல்லை, நடந்தது. அதுதான் என் வயிற்றெரிச்சலுக்குப் பாதிக் காரணம். பார்லெட்டாவில் கைதியாக இருந்த லா மோத் என்கிற பிரெஞ்சு வீரன், விருந்தில் மது உள்ளே போனதும், இத்தாலியர்களுக்குத் தைரியம் கிடையாது என்று ஏதோ உளறி வைத்தான். கைதியாக இருந்துகொண்டு, அடுத்தவன் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு! பேச்சு முற்றிச் சவாலாக மாறி, 1503 பிப்ரவரி 13 அன்று ஆளுக்குப் பதின்மூன்று பேர் என்று களத்தில் நின்றார்கள். இத்தாலியப் பக்கம் வந்தவர்கள் காப்புவா, லோதி, ஃபோர்லி, சார்னோ என்று ஊருக்கு ஒருத்தர். இத்தாலி என்று ஒரு நாடே அப்போது கிடையாது, அது 1861-இல்தான் வருகிறது. எதிர்ப்பக்கம் பிரான்ஸுக்காகச் சண்டை போட்டவர்களில் ஒருவர் ஆஸ்தியைச் சேர்ந்தவர், அதுவும் இன்றைய இத்தாலிதான். இத்தாலியர்களின் மானத்தைக் காக்க நடந்த சண்டையில் செத்தது அந்த இத்தாலியர்தான் என்று சொல்கிறார்கள்.

இதில் எவ்வளவு சிரிப்பு இருக்கிறது பாருங்கள். கூலிக்கு மாரடிக்கிற ஆட்கள், ஸ்பெயின் ராஜாவின் சம்பளத்தில், இல்லாத ஒரு நாட்டின் கௌரவத்துக்காக உயிரைப் பணயம் வைக்கிறார்கள். முந்நூறு வருடம் கழித்து 1833-இல் மாசிமோ தஸேலியோ இதை நாவலாக எழுதி தேசபக்தி காவியமாக்கினார், அவரே பின்னால் வட இத்தாலியின் பீட்மாண்டில் பிரதமரும் ஆனார். பள்ளிக்கூடப் பாடம், சிலை, தெருப்பெயர் என்று அங்கே அது புனிதக் கதையாகிவிட்டது. அப்படி ஒரு புனிதக் கதைக்குள் பட் ஸ்பென்சரை விடுவது என்பது, பூஜை அறைக்குள் யானையை விடுகிற மாதிரி அருமையான யோசனை. காகிதத்தில் பார்த்தால் நடிகர் தேர்வும் பொருத்தம்தான், ஃபியராமோஸ்காவின் காப்புவா நேப்பிள்ஸுக்குப் பக்கத்து ஊர். நிஜ ஆளுக்கு அப்போது இருபத்தேழு வயது, பட் ஸ்பென்சருக்கு நாற்பத்தாறு. அதைக்கூட ஒரு ஜோக்காக மாற்றியிருக்கலாம்.

ஆனால் படம் ஒரு முடிவுக்கு வரவே இல்லை. கிண்டல் பண்ணுவதா, கும்பிடுவதா என்று தெரியாமல் வாசலிலேயே நிற்கிறது. பத்து நிமிடம் எல்லோரையும் கோமாளியாக்குகிறது. உடனே குற்ற உணர்ச்சி வந்த மாதிரி முகத்தை இறுக்கிக்கொண்டு வீரம், மானம் என்று பேச ஆரம்பிக்கிறது. அந்தப் பேச்சு வேறு நிறைய. யார் யார் பக்கம், யாருக்குச் சம்பளம் பாக்கி, எந்தத் தளபதி என்ன சொன்னான் என்று சப்டைட்டில் படித்தே எனக்குக் கண் வலித்தது. பட் ஸ்பென்சர் மாதிரி ஆள் ஹீரோவாகத் தலைநிமிர்ந்து பேசினால் எடுபடாது. அவர் எரிச்சலடைய வேண்டும், உலகம் தன்னைத் தூங்க விடவில்லையே என்கிற சலிப்பு அந்தத் தாடிக்குள்ளே தெரிய வேண்டும். 1974-இல் வந்த ஒரு படத்தில் அவர் ஒரு கோஷ்டியோடு நின்று ‘லா லா லா’ என்று பாடப் பழகுவார், அவரைத் தீர்த்துக்கட்ட ஒருத்தன் ஒளிந்திருப்பான், இவரோ பாட்டை விடாமல் முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு சமாளிப்பார். ஒரு அடி கிடையாது, வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்த மனிதரைத்தான் இங்கே ஒரு படைத்தலைவனாக்கி, கூட்டத்துக்கு முன்னால் நிறுத்தி, பொறுப்பைத் தலையில் கட்டிவிட்டார்கள்.

இயக்குநர் பாஸ்குவாலே ஃபெஸ்தா கம்பானிலே ஒன்றும் தெரியாதவர் இல்லை. விஸ்கோந்தி 1963-இல் எடுத்த ‘இல் கத்தோபார்தோ’வுக்குத் திரைக்கதை எழுதியவர்களில் அவரும் ஒருவர். சிலுவைப் போர் காலத்தை வைத்து ஏற்கெனவே காமெடியும் பண்ணியிருக்கிறார். இத்தாலிக்காரர்களுக்கு இந்த வகைப் படம் வராது என்றும் சொல்ல முடியாது, மோனிசெல்லி 1966-இலேயே ‘லார்மாத்தா பிரங்கலேயோனே’வில் அழுக்கும் கிழிசலுமாக ஒரு வீரர் கூட்டத்தை ஓட விட்டு, பாதி லத்தீன் பாதி கொச்சை என்று ஒரு மொழியையே அவர்கள் வாயில் போட்டு, இனி வீரர் காமெடி என்றாலே இப்படித்தான் என்று காட்டிவிட்டுப் போயிருந்தார். அதில் கவசம்கூடப் பொருந்தாத பழைய சாமானாக இருக்கும், அதனாலேயே சிரிப்பு. பத்து வருடம் கழித்து வந்த இந்தப் படத்தில் உடைகள் துவைத்து மடித்து வைத்த மாதிரி இருக்கின்றன.

பிரெஞ்சுப் பக்கம் ஃபிலிப் லெருவா இருக்கிறார். அதே 1976-இல் நம் கபீர் பேடி சண்டோகானாக வந்து இத்தாலியைக் கலக்கிய தொலைக்காட்சித் தொடரில் அவருக்குத் தோழன் யானெஸாக வந்தவர். இங்கே விறைப்பாக நின்று, மூக்கைத் தூக்கிக்கொண்டு, தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறார். கூட்டாளிகளில் என்ஸோ கன்னவாலேயின் முகத்துக்காக அங்கங்கே புன்னகைக்கலாம்.

ஜெர்மனியில் இந்தப் படத்துக்கு வைத்த பெயர்தான் எனக்குப் படத்தைவிடப் பிடித்தது: ‘ஹெக்டர், அச்சமும் பழியும் இல்லாத வீரன்’. எத்தோரேதான் அங்கே ஹெக்டர். அந்தப் பட்டம் யாருடையது தெரியுமா? பயார் என்கிற பிரெஞ்சு வீரனுடையது. இதே போரில், இதே வட்டாரத்தில், ஃபியராமோஸ்காவின் எதிர்ப்பக்கத்தில் நின்று சண்டை போட்டவன். பிரெஞ்சுக்காரர்களைத் தோற்கடித்த இத்தாலியனுக்கு ஒரு பிரெஞ்சுக்காரனின் பட்டத்தையே எடுத்து மாட்டிவிட்டார்கள். தெரிந்து செய்தார்களோ, தெரியாமல் செய்தார்களோ, படத்தில் இப்படி ஒரு குறும்பு இருந்திருந்தால் நான் எழுந்து நின்று கை தட்டியிருப்பேன்.

கிளைமாக்ஸ் மோதலுக்கு நான் நிறைய எதிர்பார்த்தேன். பதின்மூன்றுக்குப் பதின்மூன்று, பந்தலும் கொடியுமாக மைதானம், வேறு என்ன வேண்டும்? ஆரம்பத்தில் ஒரு உற்சாகம் வருவது உண்மை. ஆனால் ஈட்டி, குதிரை, புழுதி என்று எல்லாம் ஓடும்போது எந்த இரும்பு யாருடையது என்று எண்ணுவதிலேயே கவனம் போய்விடுகிறது. பட் ஸ்பென்சர் மட்டும் அளவை வைத்து அடையாளம் தெரிகிறார், கடவுள் புண்ணியம். அவர் வெறும் கையை ஓங்குகிற இரண்டொரு இடத்தில் பழைய வாசனை அடிக்கிறது. அதற்குள் பையன் தூங்கிவிட்டான். தலையணை மடியிலிருந்து தலைக்குப் போயிருந்தது.

ரசிகராக எல்லாப் படத்தையும் பார்த்தே தீர வேண்டும் என்று பட்டியல் போட்டு வைத்திருப்பவர்கள் பாருங்கள், ஒரு தடவை தாங்கும். புதிதாக அவரை அறிமுகம் செய்துகொள்ள நினைப்பவர்கள் தயவுசெய்து இதில் ஆரம்பிக்காதீர்கள், டிரினிட்டியில் ஆரம்பியுங்கள். என் கணக்கில் ஐந்துக்கு இரண்டு, அதில் ஒன்று அந்தத் தாடிக்கு.

காலையில் பையன் பல் தேய்த்துக்கொண்டே, “யாரு மாமா ஜெயிச்சாங்க?” என்றான். இத்தாலிக்காரங்கதான் என்றேன். அப்புறம் படத்தை விட்டுவிட்டு நடந்த கதையைச் சொன்னேன்: தோற்றவன் குதிரையையும் ஆயுதத்தையும் கொடுத்து, ஆளுக்கு நூறு டக்கட் பணமும் கட்டி விடுதலை ஆக வேண்டும் என்பது ஒப்பந்தம். பிரெஞ்சுக்காரர்கள், தோற்கிற எண்ணமே இல்லாமல், பணத்தையே எடுத்துக்கொண்டு வரவில்லை. கடைசியில் காசு இல்லாமல் அத்தனை பேரும் கைதியாக பார்லெட்டாவுக்கு நடந்து போனார்கள். பையன் பிரஷை வாயிலிருந்து எடுத்துவிட்டு, “பர்ஸ மறந்துட்டாங்களா?” என்று கேட்டுச் சிரித்த சிரிப்பில் கண்ணாடி முழுக்க நுரை.