நகர மையத்துக்கு வெளியே வாடகைக் காண்டோமினியம்: சில ஆண்டுகள் குடியிருந்த அனுபவம்

பெருநகரின் மையத்தை விட்டு வெகுவாகத் தள்ளி, ரயில் பாதை முடியும் இடத்துக்குச் சற்று முன்னால், காண்டோமினியம் எனப்படும் ஓரளவு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் சில ஆண்டுகளாக வாடகைக்குக் குடியிருக்கிறேன். ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். எனவே எனக்கு வீடு பிடித்திருக்கிறது என்பதில் ஒளிவுமறைவு இல்லை. வாடகை கட்டுப்படியாகும் என்பதால் வந்தேன். இன்னும் இங்கேயே இருப்பதற்குக் காரணம் கட்டடத்தை நிர்வகிக்கிறவர்கள். வீடு தேடுகிறவர்கள் சமையலறையையும் பால்கனியையும் பார்க்கும் அக்கறையோடு, மோட்டார் அறையையும் அறிவிப்புப் பலகையையும் பார்த்துவிட்டு வர வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

காண்டோமினியத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் உரிமையாளர் இருக்கிறார். லிஃப்ட், படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டி, கூரை, வெளிச்சுவர் ஆகியவை எல்லோருக்கும் பொது. அவற்றைக் கவனிப்பது உரிமையாளர்கள் சங்கத்தின் பொறுப்பு. வாடகைக்கு வருகிறவர் கையெழுத்துப் போடுவது ஒரே ஓர் உரிமையாளருடன்தான். ஆனால் சங்கத்தின் விதிகள் அத்தனைக்கும் அவர் கட்டுப்பட வேண்டும். சாமான்களை எந்த நேரத்தில் ஏற்றி இறக்கலாம், நாய் வளர்க்கலாமா, பால்கனியில் துணி உலர்த்தலாமா, விருந்தினர் வண்டியை எங்கே நிறுத்தலாம் என்பதெல்லாம் சங்கத்தின் முடிவு. அந்த முடிவை எடுக்கும் கூட்டத்தில் வாடகைதாரருக்குப் பொதுவாக ஓட்டுரிமை கிடையாது. இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொண்டு குடிவந்தால் பாதி மனக்கசப்பு குறையும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். குளியலறைக் கூரையில் ஒரு நாள் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் கறை தெரிந்தது. அது மெல்லப் பரவி, வண்ணப்பூச்சு உப்பி, ஓரத்தில் சொட்டத் தொடங்கியது. என் வீட்டு உரிமையாளர் மேல்வீட்டைக் கேட்கச் சொன்னார். மேல்வீட்டு உரிமையாளர் வெளியூரில் இருந்தார். அங்கே குடியிருந்தவரோ சங்கத்தைக் கேட்கச் சொன்னார். முடிச்சை அவிழ்த்தவர் கட்டடத்தின் பராமரிப்புப் பணியாளர். சொட்டு இரவும் பகலும் ஒரே சீராக விழுகிறதா, மேலே யாராவது குளித்த பிறகு மட்டும் விழுகிறதா என்று கவனிக்கச் சொன்னார். சீராக விழுந்தால் எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர்க் குழாயில் கோளாறு. குளித்த பிறகு மட்டும் என்றால் கழிவுநீர்க் குழாயிலோ தரையின் நீர்த்தடுப்புப் பூச்சிலோ கோளாறு. பிறகு மேல்வீட்டுத் தரையில் சாயம் கலந்த தண்ணீரைத் தேக்கிவைத்தார்கள். அதே நிறம் என் கூரையில் தலைகாட்டியது. மேல்வீட்டுத் தரைப்பூச்சுதான் காரணம் என்று உறுதியானது. சங்கம் அதை எழுத்தில் கொடுத்த பிறகு, செலவு யாருடையது என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. சங்கம் செயலற்றுக் கிடக்கும் கட்டடமாக இருந்திருந்தால் அந்தக் கறைக்குக் கீழேதான் இன்றும் குளித்துக்கொண்டிருப்பேன்.

சங்கத்தின் சேமநிதியைப் பற்றியும் வாடகைதாரர் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். உரிமையாளர்கள் மாதந்தோறும் கட்டும் பராமரிப்புத் தொகையில் ஒரு பங்கு, லிஃப்ட் மாற்றுதல், கூரைப் பூச்சு போன்ற பெரிய வேலைகளுக்காக ஒதுக்கிவைக்கப்பட வேண்டும். பராமரிப்புத் தொகை குறைவு என்று ஒரு கட்டடம் பெருமைப்பட்டால் நான் கவலைப்படுவேன். அமெரிக்காவில், மயாமிக்கு அருகிலுள்ள சர்ஃப்சைடில் 12 மாடிக் காண்டோமினியம் ஒன்றின் ஒரு பகுதி 2021 ஜூன் 24 அன்று அதிகாலையில் இடிந்து 98 பேர் இறந்தார்கள். நீச்சல் குளத்தை ஒட்டிய தளத்தில் நீர்த்தடுப்பு சரியில்லை, காங்கிரீட் கடுமையாகச் சேதமடைந்திருக்கிறது என்று 2018-லேயே ஒரு பொறியாளர் அறிக்கை கொடுத்திருந்தார். பழுதுபார்க்கும் செலவைப் பற்றிய வாதங்கள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து, எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் கார் நிறுத்துமிடத்தின் தூண்களையும் கூரையையும் பார்க்காமல் வருவதில்லை. துருக்கறை வழிந்திருந்தாலோ, காங்கிரீட் உதிர்ந்து கம்பி தெரிந்தாலோ, எவ்வளவு வாடகை குறைத்தாலும் அந்த இடம் வேண்டாம்.

பயணத்துக்கு வருவோம். மையத்தை விட்டு விலக விலக வாடகை இறங்குவது பயணத்தின் சிரமத்துக்கு ஈடாகத்தான். எனவே வாடகையை மட்டும் தனியே எடுத்து ஒப்பிடுவது தவறான கணக்கு. அமெரிக்காவின் சென்டர் ஃபார் நெய்பர்ஹுட் டெக்னாலஜி என்ற அமைப்பு வீட்டுச் செலவையும் போக்குவரத்துச் செலவையும் சேர்த்தே பார்க்கிறது. இரண்டும் சேர்ந்து வருமானத்தில் 45 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும் என்பது அவர்களுடைய அளவுகோல். ரயிலை நம்பி வாழ முடிகிற இடமாக இருந்தால் இந்தக் கணக்கு தேறுகிறது. தினமும் கார் ஓட்டியே ஆக வேண்டும் என்றால், வாடகையில் மிஞ்சியதை எரிபொருளும் வாகனப் பராமரிப்பும் தின்றுவிடும்.

நேரம் இன்னொரு செலவு. மனிதர்கள் ஒரு நாளில் சராசரியாக ஒரு மணி நேரத்தைத்தான் பயணத்துக்கு ஒதுக்குகிறார்கள், வாகனங்கள் வேகமெடுக்கும்போதெல்லாம் தூரத்தைத்தான் கூட்டிக்கொள்கிறார்கள் என்று இத்தாலிய இயற்பியலாளர் சேசரே மார்க்கெட்டி 1994-இல் எழுதினார். என் பயணம் அந்த ஒரு மணி நேரத்தைத் தாண்டுகிறது. ரயிலில் உட்கார இடம் கிடைப்பதால் தாங்க முடிகிறது; பாதையின் கடைசியில் குடியிருப்பதன் பெரிய லாபம் அதுதான். காலையில் காலியாக வரும் பெட்டியில் ஏறி, புத்தகத்தைத் திறந்துகொள்ளலாம். உண்மையான தொல்லை ரயில் நிலையத்துக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள அந்தக் கடைசித் துண்டு தூரம். விளம்பரங்கள் அதை நிமிடக் கணக்கில் சொல்லும். மழையில், இருட்டில், கையில் பையோடு நடந்து பார்த்தால்தான் அதன் உண்மையான நீளம் தெரியும். நடைபாதை தொடர்ச்சியாக இருக்கிறதா, விளக்கு எரிகிறதா, கடைசி ரயிலுக்குப் பிறகு பஸ் உண்டா என்று பாருங்கள்.

எந்த மாடி என்பதும் பெரிய விஷயம். மேல்நிலைத் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீருக்குப் பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு பார் (bar என்ற அழுத்த அலகு) அழுத்தம் கிடைக்கும். தொட்டிக்கு நேர் கீழே உள்ள மாடியில் அந்த உயரம் மிகக் குறைவு. அழுத்தம் கூட்டும் பம்பு இல்லையென்றால் ஷவரில் தண்ணீர் நூலாக வரும். மேல்மாடியில் இன்னொரு சங்கடமும் உண்டு. கூரைக் காங்கிரீட் பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, மாலையில் நாம் வீடு திரும்பும் நேரத்தில் உள்ளே விடுகிறது. மேற்குச் சுவர்களும் அப்படியே. சாய்ந்து வரும் பிற்பகல் வெயிலை ஜன்னல் மேல் தடுப்பு மறைப்பதில்லை. நான் நடு மாடியைத் தேர்ந்தெடுத்தேன். இங்கே சத்தம்தான் குறை. பக்கத்து வீட்டுப் பேச்சைக் காங்கிரீட் நன்றாகவே தடுக்கிறது, ஆனால் மேல்வீட்டில் நாற்காலியை இழுத்தால் அந்த அதிர்வு தளத்தின் வழியாக அப்படியே இறங்கி வருகிறது. நாற்காலிக் கால்களுக்கு ஒட்டும் கம்பளித் துண்டுகளை வாங்கி மேல்வீட்டாரிடம் கொடுத்தேன்; சிரித்துக்கொண்டே ஒட்டிவிட்டார்கள்.

நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம் ஆகியவற்றுக்கு நான் அதிக மதிப்பெண் போடமாட்டேன். மின்தடையின்போது லிஃப்ட் இயங்குகிறதா, தீ விபத்துக்கான படிக்கட்டு சாமான் அடுக்காமல் காலியாக இருக்கிறதா, அதன் கதவுகள் தானாக மூடிக்கொள்கின்றனவா, குப்பை அறை நாறாமல் இருக்கிறதா என்பவற்றுக்கே மதிப்பெண். அறிவிப்புப் பலகையில் கணக்கு விவரங்கள் ஒட்டியிருந்தால் கூடுதல் மகிழ்ச்சி.

ஒப்பந்தத்தில் இரண்டு வாசகங்களுக்காக நான் விடாப்பிடியாக நின்றேன். ஒன்று, உரிமையாளர் பராமரிப்புத் தொகையில் பாக்கி வைக்கக் கூடாது. வைத்ததால் எனக்கு ஏதாவது வசதி நிறுத்தப்பட்டால் வாடகையில் கழிக்க வேண்டும். மற்றொன்று, இடையில் வீட்டை விற்றாலும் என் ஒப்பந்தக் காலம் செல்லுபடியாக வேண்டும். தனி உரிமையாளர்களிடமிருந்து எடுக்கும் வீட்டில் இவை இரண்டும் அவசியம். குடிபுகும் நாளிலேயே சுவர்களையும் மீட்டர் எண்களையும் படமெடுத்து அனுப்பிவிடுவதும் முன்பணத்தைக் காப்பாற்றும்.

இரவுப் பணிக்குப் போகிறவர்கள், அடிக்கடி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய முதியவர்களை வைத்திருப்பவர்கள் இவ்வளவு தள்ளி வருவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். கடைசி ரயில் போன பிறகு இங்கிருந்து கிளம்புவது பெரும்பாடு. வாரத்தில் சில நாட்களாவது வீட்டிலிருந்தே வேலை செய்பவர்களுக்கும், அதே வாடகைக்குக் கூடுதலாக ஓர் அறை வேண்டும் என்பவர்களுக்கும் தாராளமாகச் சொல்வேன். மையத்தில் இதே பணத்துக்கு எனக்கு ஒற்றை அறைதான் கிடைத்திருக்கும். இங்கே கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்க்கத் தனி அறை இருக்கிறது, அதன் ஜன்னல் கிழக்கே பார்க்கிறது.